குடைக்குள் தவிடு

அந்தப் பையை மடியில் வைத்திருக்கலாம். பஸ்ஸில் தலைக்கு மேலிருந்த சாமான் தட்டில் வைத்தது அருந்ததியின் பிழைதான். அதை அவள் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, அது வேறு விஷயம்...

அச்சுவேலிச் சந்தியில் பஸ் ஒரு குலுங்கு குலுங்க, பை சரிந்து, கீழே நின்ற வாலிபனின் தலையில் தவிடு பொலபொலவென்று கொட்டியது. புருவம், தோள், கையில் அரைவாசி விரிந்தபடி தொங்கிய குடை... ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"பாத்து நிக்கக் கூடாதே?" என்றாள் அருந்ததி.

"பாத்துத்தான் நிண்டனான். தவிடு மேலையிருந்து வருமெண்டு ஆர் கண்டது?"

தவிடு படிந்த இமைகளுக்குள் அவன் கண்கள் சிரித்தன. கோபித்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். இப்படிச் சிரிக்கிறவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

"மாட்டுக்கோ?" என்று கேட்டான்.

"என்ரை பிள்ளைக்கு," என்று பக்கத்திலிருந்த கனகாம்பிகை விம்மினாள். கேட்டவனுக்கு எல்லாவற்றையும் சொல்லியும் விட்டாள்.

முதற்பிள்ளை தங்காததால், இதாவது தங்கட்டுமென்று இரண்டாவதைப் பிறந்த கையோடு கணவனின் அக்கா தங்கமுத்துவுக்கு ஒரு கொத்து அளவு தவிட்டுக்கு விற்றார்கள். சாங்கியத்துக்கு விற்பதுதான், வளர்ப்பது பெற்றவள்தான். கணவன் கப்பலேறிய பிறகு, சந்நிதிக் கோயிலுக்கென்று பிள்ளையைத் தூக்கிப்போன தங்கமுத்து திருப்பிக் கொண்டுவரவில்லை. நான் வாங்கின பிள்ளை என்று சொல்லியனுப்பிவிட்டாள். கொழும்புத்துறை மாதர் சங்கம் கனகாம்பிகைக்குப் பஸ் காசும் கொடுத்து, துணைக்கு அருந்ததியையும் அனுப்பியது. பொலிசுக்குப் போவோம் என்றுதான் அருந்ததி சொன்னாள். தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் மச்சாள் மறுக்கமாட்டா என்று கனகாம்பிகை ஒரு கொத்துக்குக் கூடவே அளந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எந்தத் தங்கமுத்து? வல்வெட்டித்துறை ஆலடியோ?"

"ஓம் தம்பி."

அவன் சிரிப்பு நின்றது. குனிந்து, இருக்கையில் சிந்தியதை வழித்துக்கொண்டிருந்தான். சுத்தம் பார்க்கிறவன்தான் என்று நினைத்துக்கொண்டாள் அருந்ததி.

வல்வெட்டித்துறையில் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அவனும் இறங்கினான். குடையை விரிக்கவில்லை. அதன் வாயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்த லேஞ்சித் துணியால் இறுக்கிக் கட்டி, சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, தொப்பலாக நனைந்தபடி முன்னால் நடந்தான்.

"குடையை வைச்சுக்கொண்டு நனையிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள் அவனுக்குக் கேட்க.

"எனக்கு மழை பிடிக்கும்," என்று திரும்பினான். மழை தவிட்டைக் கழுவியிருந்தது. நல்ல முகம்... அவள் அவசரமாக வேலியைப் பார்த்தாள்.

ஆலடியில், கனகாம்பிகை காட்டிய அதே படலையை அவன் உரிமையோடு திறந்தபோது அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்கள் ஆர்?"

"சோமசேகரம். என்ரை அண்ணையின்ரை பெண்சாதிதான் தங்கமுத்து மச்சாள்."

"எல்லாத்தையும் கேட்டுப்போட்டு வாய் திறக்காமல் வந்தனீங்கள். நல்ல ஆக்கள்."

அவன் குடையை இன்னும் இறுக்கி அணைத்தபடி உள்ளே நடந்தான்.

உள்ளே தங்கமுத்துவின் இடுப்பில் இருந்த பிள்ளை "அம்மா" என்று தாவியது. தங்கமுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"நாலு பேருக்கு முன்னாலை வாங்கின பிள்ளை. நான் தந்த அளவு கொண்டந்தனியோ?"

அளக்கும் கொத்தைத் தங்கமுத்து கொண்டுவந்து வைத்தாள். கனகாம்பிகை பையைக் கவிழ்த்தாள். அரைவாசிகூட வரவில்லை.

"கொத்து நிறையக் கொண்டுவா. அதுவரைக்கும் பிள்ளை இஞ்சை நிக்கட்டும்."

கனகாம்பிகை அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அருந்ததி முன்னால் வந்தாள். "என்ரை பிழை அக்கா... நான்தான் பையை மேலை வைச்சனான். அதுக்காகத் தாயையும் பிள்ளையையும் பிரிக்காதேங்கோ."

சோமசேகரம் லேஞ்சியை அவிழ்த்துக் குடையைக் கவிழ்த்தான். ஈரம் படாத தவிடு சரசரவென்று இறங்கியது. கொத்து நிரம்பிக் கோபுரம் கட்டியது.

"அளவு சரி, மச்சாள்," என்றான் மெல்ல. "அண்ணையும் கப்பலிலை. தனிச்சுப்போனியள், எனக்கு விளங்குது. ஆனால் பெத்தவளைப் பாருங்கோ."

"நான் படலையைச் சாத்தமாட்டன் மச்சாள்," என்றாள் கனகாம்பிகை அழுதபடி. "நினைச்ச நேரம் வந்து நில்லுங்கோ. நீங்கள் வாங்கின பிள்ளைதானே."

தங்கமுத்துவின் பிடி தளர்ந்தது. பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. தங்கமுத்து முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மழை தூறலாகியிருந்தது. பஸ் தரிப்பில் கனகாம்பிகைக்குப் பிள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

"நான் கதைச்சது பிழை," என்றாள் அருந்ததி.

"எது? நல்ல ஆக்கள் எண்டதோ? அது எனக்குப் பிடிச்சுது."

"பஸ்ஸிலையே ஆரெண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தால் நீர் என்னோடை கதைச்சிருக்கமாட்டீர்." கொஞ்சம் தயங்கினான். "அடுத்த கிழமை நானும் கப்பலேற வேணும். அதுக்கு முன்னம் ஒண்டு கேக்கிறன்... உம்மை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. என்னை இன்னும் ஒருத்தரும் வாங்கேல்லை. நீர் வாங்குவீரோ?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. வெறும் பையின் மூலைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒரு சிட்டிகை தேறியது.

"கையை நீட்டுங்கோ."

நீட்டினான். போட்டாள். அவன் விரல்கள் மூடிக்கொண்டன.

"இவ்வளவுதானோ என்ரை பெறுமதி?"

"ஓம்," என்று பஸ்ஸில் ஏறினாள் அருந்ததி. "ஆனால் ஆர் எத்தினை கொத்துக் கொண்டுவந்தாலும் நான் திருப்பிக் குடுக்கமாட்டன்."