வெளுக்காத சதை

பதப்படுத்துகிற ஃபார்மலின் திரவத்தில் இரண்டு நாள் ஊறினால் எந்தச் சதையும் சாம்பல் நிறமாக வெளுத்துவிடும். அத்தானின் சிறுநீரகம் வெளுக்கவில்லை.

அறுவை அறையிலிருந்து வரும் சதையை நறுக்கி, ஸ்லைடில் வைத்துப் பார்த்து, அதற்குரியவர் எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்வது அவளுடைய தொழில். ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, புற்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கூட்டிக் கழித்துச் சொன்னால் பெரும்பாலும் தப்பாது. "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்று அக்காவின் கணவர் அவளைச் சீண்டாத நாளில்லை. இப்போது அவருக்கே நுரையீரலிலும் எலும்பிலும் பரவிவிட்டது. புற்று தொடங்கிய இடத்தையாவது எடுத்துவிடலாம் என்று இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்து, தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கணக்குப்படி அவர் அடுத்த மழையைப் பார்க்க மாட்டார். அதை அக்காவிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, குழாய் சொட்டுகிற சத்தமும் காற்றாடியின் முனகலும் மட்டும் மிஞ்சிய ஆய்வகத்தில் அத்தானின் சிறுநீரகம் கிடந்த டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூக்கைக் கீறுகிற காரத்துக்குப் பதிலாக, ஆறாத மூத்திரமும் கெட்டுப்போன வெண்ணெயும் கலந்த ஒரு வெதுவெதுப்பான வாடை, வாயைத் திறந்து தூங்குகிற நோயாளியின் மூச்சைப் போல முகத்தில் வந்து படிந்தது. சதை நறுக்கிய கையைக் கழுவிவிட்டு நேராகச் சாப்பிடப் போகிறவள் அவள். அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டி கோழிக் கொழுப்பு மாதிரி மஞ்சளாக, எண்ணெய் வழியப் பளபளத்தது. தொட்டபோது கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. அத்தானின் உடம்பைப் பார்த்து இப்படி அருவருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கத்தியை வைத்து அழுத்தினாள். சதை சுருங்கி ஒதுங்கியது. கீறலில் ரத்தம் ஊறியது.

மேஜையில் ஃபோன் அடித்தது. அக்கா.

"திடீர்னு கத்துறாருடி. இடுப்புல யாரோ கத்தி வச்சு அறுக்கற மாதிரி இருக்காம்."

கத்தியைச் சதையிலிருந்து எடுத்தாள். "இப்ப?"

"இப்ப விட்டுடுச்சாம். ஆனா ஆபரேஷன் பண்ணதுலேருந்து உடம்பெல்லாம் எரியுதுங்கறார், மூச்சு முட்டுதுங்கறார். எனக்கு பயமா இருக்கு."

எரியத்தான் செய்யும். ஃபார்மலினில் கிடந்தால்.

நினைத்துப் பார்க்கவே பயந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு சிறுநீரகத்தைத் தொட்டியில் கவிழ்த்தாள். வெந்நீரைத் திறந்துவிட்டாள். மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளேயிருந்து பழுப்பாக, கொழகொழவென்று சளி வடிந்தது.

"மூச்சு சீராயிடுச்சுடி" என்றாள் அக்கா. அவள் குரலில் அழுகை வந்தது. "எழுந்து உக்காந்துட்டார். பசிக்குதாம்."

"ஏதாவது குடு."

"பால் குடுத்தேன், துப்பிட்டார். வேற என்னமோ வேணுங்கறார். என்னன்னு சொல்லத் தெரியல அவருக்கு."

வெட்டப்பட்ட ரத்தக்குழாயின் முனை தண்ணீரிலிருந்து நிமிர்ந்தது. திறந்தது. மூடியது. கையுறைக்கு மேலே, அவள் மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. பல்லில்லை. மெத்தென்று இருந்தது. உறிஞ்சியது.

உதறினாள்.

"ஐயோ, சாயறாரு. கண்ணு சொருகுது. அடியே, என்ன பண்றதுன்னு சொல்லேன்."

உதறுவதை நிறுத்தினாள். கையை அப்படியே விட்டாள். முனை இன்னும் ஆழமாகக் கவ்வியது. மஞ்சள் மெல்லச் சிவந்தது. கட்டி ஒரு சுற்றுப் பெருத்தது. மற்ற கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு முழிச்சிட்டார்" என்றாள் அக்கா. "ஊர்ல எல்லாருக்கும் நீதானே சொல்றே. எனக்கும் மறைக்காம சொல்லு. இவர் எவ்வளவு நாள் இருப்பார்?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். இன்னொரு ரத்தக்குழாயின் முனை நிமிர்ந்து, அவள் முழங்கையைத் தேடிக்கொண்டிருந்தது.

"இருப்பார்க்கா" என்றாள். "நான் இருக்கற வரைக்கும் இருப்பார்."

அக்கா வாய்விட்டு அழுதாள். அந்த அழுகைக்குப் பின்னால், அத்தான் சப்புக்கொட்டுகிற சத்தம் கேட்டது.