தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டர்

“நான் கேட்டது தண்ணி குடிக்கிற பிளாஸ்டர்! நீங்க தூக்கிட்டு வந்தது பல் டாக்டருங்க அச்செடுக்க வச்சிருக்கிற கல்லு மாவு!”

“வெள்ளையா இருந்துச்சு, மாவா இருந்துச்சு. கடையில நின்னு நக்கியா பாக்க முடியும்?”

நாடகத்துக்கு முகமூடி செய்து கொடுக்கும் முகமூடிக்காரியும் அவள் வீட்டுக்காரரும் சண்டை போட்டால் எங்கள் தெருவே டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடும். அன்று நியாயம் அவள் பக்கம். நாடகக் கம்பெனி கேட்ட கிழவன் முகத்தை வாரக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் வேலை கைமாறிவிடும். அச்சில் ஊற்றும் ரப்பர் பாலின் ஈரத்தைப் பிளாஸ்டர் உறிஞ்சினால்தான் அது தோலாகக் கட்டும். இந்தக் கல் அச்சில் பால் பாலாகவே நின்றது. எடுத்த அச்செல்லாம் வீண்.

அவர் முனகிக்கொண்டே போய், எழுத்தில்லாத ஒரு மூட்டையோடு திரும்பினார். “இது நல்லாவே குடிக்குமாம். கடைக்காரன் சொன்னான்.”

வழக்கம்போல அவர் முகத்திலேயே அச்செடுத்தாள். இறுகும்போது பிளாஸ்டர் சுடும், சற்று நேரத்தில் ஆறிவிடும். இதுவோ காய்ந்த பிறகும் காய்ச்சல்காரன் நெற்றிபோல் வெதுவெதுத்தது. மட்ட சரக்கு என்று திட்டினாள்.

மத்தியானம், கூடத்திலிருந்து அவர் குறட்டை சீராக வந்துகொண்டிருக்க, ரப்பர் பாலின் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்க, ஊற்றிவிட்டுக் காத்திருந்தவளின் எதிரிலேயே பாலின் மட்டம் மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடி ஊற்றினாள். இறங்கியது. டப்பாவையே கவிழ்த்தாள்.

“குடி, குடி! அந்த மனுஷன் மூஞ்சிதானே, எவ்வளவு ஊத்தினாலும் போதாது.”

ஒழுகியிருக்கும் என்று அச்சைத் தூக்கினாள். மேசை காய்ந்திருந்தது. அச்சின் கனம் கூடவில்லை. உள்ளே தோலும் இல்லை, துளியும் இல்லை. உதட்டுப் பள்ளத்தில் மட்டும் ஒரு கீறல்.

விரிசல்தான். வேறென்ன?

பிரஷ் காம்பை விட்டுப் பார்த்தாள். நாலு விரல் கனம்கூட இல்லாத அச்சு. ஒரு சாண் காம்பு முழுதும் போனது. மறுபக்கம் வரவில்லை.

இழுத்தாள். உள்ளிருந்தும் இழுத்தது.

விட்டிருக்கலாம். நல்ல பிரஷ். எரிச்சல் வேறு. கீறலுக்குள் விரலை விட்டாள்.

சூடு. ஈரம்.

ஒரு விழுங்கல்.

கூடத்தில் குறட்டை நின்றது.

“கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா” என்றார் வீட்டுக்காரர், அவளை எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம். அந்த அக்காவே வாசலில் வந்து நின்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். வருஷம் திரும்புவதற்குள் பிளாஸ்டர் கடைக்காரனின் தங்கையைக் கட்டிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார். சாமான் ஏற்றிய அன்று, புதுப்பெண் அந்த அச்சை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எட்டிப் பார்க்காமல் இருக்க நம்மால் முடியுமா?

உதடுகளின் நடுவே, உள்ளிருந்து, நான்கு விரல் நுனிகள் பற்றிக்கொண்டிருந்தன. நகக்கண்ணில் காய்ந்த ரப்பர். புதுப்பெண் அவற்றை ஒவ்வொன்றாக, பொறுமையாக, உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.