அடியில் ஆளில்லை

படகில் ஏறிய பன்னிரண்டு பேரில் அண்ணியும் இருப்பதைக் கண்டதும் வழிகாட்டி வரவேற்புப் பேச்சைப் பாதியில் நிறுத்தினான். பதினோரு வருஷம் கழித்து, மற்றவர்களைப் போலவே டிக்கெட் வாங்கிக்கொண்டு, முன்பலகையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

நகரத்துக்கு நடுவே ஓடும் அந்தப் பழைய கால்வாயில் இப்போது சுற்றுலாப் படகு விடுகிறார்கள். முன்பு இவன் அங்கே மதகு ஆள். படகை மேல்மட்டத்துக்கு ஏற்றும் தொட்டிக்குள் தண்ணீர் விடுமுன் மேலே நிற்பவர், "அடியில ஆளிருக்கா?" என்று கேட்பார். கீழே நிற்பவன் எட்டிப் பார்த்து "ஆளில்லை" என்றால்தான் மதகு திறக்கும். ஒருநாள் அரட்டை மும்முரத்தில் இவன் பார்க்காமலே சொல்லிவிட்டான். உள்ளே, இவன் அண்ணே அண்ணே என்று சுற்றிவந்த மனிதர், அண்ணியின் புருஷன், சேறு வாரிக்கொண்டிருந்தார். பாய்ந்த தண்ணீரில் மூழ்கிச் செத்தார்.

விசாரணையில், "குடிச்சிருந்தாருங்க" என்று வாய் கூசாமல் சொன்னான். பாழாய்ப்போன வாய் அதோடு நின்றதா? வழிகாட்டியான பிறகு தினமும் படகில் அதையே பேய்க்கதையாக்கிக் கைதட்டல் வாங்கியது.

"பேய்க்கதை எப்போ சார்?" என்றார் ஒரு பயணி.

"இன்னிக்கு வேணாமே..."

அண்ணி நிமிர்ந்தாள். "சொல்லுங்க தம்பி. நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன்."

சொன்னான். குடிகாரன் தள்ளாடும் இடத்தில், வெட்கம் பிடுங்கித் தின்றாலும், பழகிய கால் தள்ளாடியும் காட்டியது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

படகு தொட்டிக்குள் நுழைந்தது. பின்கதவு மூடிக்கொண்டது. பாசி படிந்த உயரச் சுவர்கள் மத்தியான வெளிச்சத்தை மறைத்தன. சேற்று நாற்றம் குப்பென்று எழுந்தது.

"அடியில ஆளிருக்கா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

படகிலிருந்து பதில் சொல்ல வேண்டிய இவன் வாய் திறக்கவில்லை.

"இருக்கேன்டா."

இவன் காலடிப் பலகைக்குக் கீழிருந்து வந்தது பதில்.

"அட, சூப்பரா செட் பண்ணியிருக்காங்க!" என்று பயணிகள் கைதட்டினார்கள். மேலே மறுபடியும் கேட்டார்கள். கீழே மறுபடியும் அதே பதில்.

அவள் முன்னால் மண்டியிட்டான். "அண்ணி, அவர் ஒரு சொட்டு குடிக்கலை. நான்தான் பாக்காம சொன்னேன். நான் தப்பிக்க அவரைக் குடிகாரன் ஆக்கிட்டேன்."

"என்னா நடிப்புய்யா!" என்று ஒருவர் விசிலடித்தார். நடிப்பில்லை என்று கத்தத் தோன்றியது.

மூன்றாவது முறை கேட்டார்கள். கீழே சத்தமில்லை.

அண்ணிதான் பதில் சொன்னாள்.

"அடியில ஆளில்லை. ஏறிட்டாரு."

தண்ணீர் பொங்கியது. படகு வெளிச்சத்துக்கு உயர்ந்து கரையோரம் நின்றது. பயணிகள் ஒவ்வொருவராக இவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அண்ணி இவனைத் தொடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

படகு காலியாகிவிட்டது.

அப்புறம் ஒரு கை இவன் தோளைப் பிடித்தது. ஈரமாக, கனமாக, விரலிடுக்கெல்லாம் சேறாக.

"அண்ணே," என்று முணுமுணுத்தான். "இறங்கிக்கங்கண்ணே."

அடுத்த நடைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். தோளில் இருந்த கை விலகவில்லை.