அறுபத்திரண்டு சதவீதம்

அன்று மதியம் சிம்பாங் அம்பாட் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். பத்தொன்பது நாளுக்கு முன் கணவனை இழந்த பவானேஸ்வரி. அவர் மகள் திவ்யதர்ஷினி. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் வந்த தர்மேந்திரன்.

நான்காவதாக ஒருவர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது.

நாலு மணிக்குத் தாதியர் கல்லூரி நுழைவுத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கல்லூரி அனுப்பிய மென்பொருள் ஏறினால்தான் கேள்வித்தாள் திறக்கும். அது அறுபத்திரண்டு சதவீதத்திலேயே நின்றது. போன வருடமும் திவ்யா பதிந்திருந்தாள். அப்பா பரமேஸ்வரன் இதே மேசையில் உட்கார்ந்து, அவள் கண்ணெதிரே விண்ணப்பத்தை அழித்தார். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்டை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் தர்மேந்திரன். அங்கே பேய்க்கதை நிறையக் கேட்டிருக்கிறான், ஒன்றையும் நம்பியதில்லை. வைரஸ் தடுப்பை நிறுத்தினான். டிஸ்க்கில் இடம் இருந்தது. மறுபடி ஏற்றினான்.

அறுபத்திரண்டு.

‘இன்னொருவர் இந்தக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவர் வெளியேறியதும் முயலவும்.’

பயனர் பட்டியலைத் திறந்தான். பரமேஸ்வரன். உள்ளே இருக்கிறார்.

அவர் பெயரில் யார் நுழைந்தது என்று கேட்டான். திவ்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பதினாறாம் நாள் இந்த அறையில்தான் படையல். ஆட்டுக்கறி, ஸ்டவுட் பீர், கிராம்பு மணக்கும் கிரேத்தெக் சிகரெட். அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தும் முன், அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று, கம்ப்யூட்டரையும் அவருடைய கடவுச்சொல் போட்டுத் திறந்து வைத்தாள். பிறகு மூன்று முறை தட்டி உள்ளே போனார்கள், இலையை எடுத்தார்கள். கம்ப்யூட்டரை யாரும் மூடவில்லை.

“அவ்வளவுதான் லா. ரீஸ்டார்ட் பண்ணா போயிருவாரு,” என்று சிரித்தான்.

திரை அணைந்து மீண்டும் எரிந்தது. பட்டியலில் பரமேஸ்வரன் உள்ளே இருந்தார்.

கடவுச்சொல்லை யாரும் அடிக்கவில்லை.

மணி மூன்றே முக்கால். தர்மேந்திரனுக்குச் சிரிப்பு போய்விட்டது. அவர் கணக்கையே அழித்துவிடலாம், ஆனால் படங்கள், கோப்புகள் எல்லாம் போய்விடும் என்றான்.

“அழிங்கண்ணா,” என்றாள் திவ்யா.

அழித்தான்.

அறுபத்து மூன்று. எழுபது. நூறு.

மூடிய அறையில் கிராம்புப் புகை வாசம் எழுந்தது.

பவானேஸ்வரி அவன் காதருகே கேட்டார். “தம்பி, கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துட்டீங்க. இனி எங்க போவாரு?”

திரையில் தேர்வு விதி வந்திருந்தது: எழுதுபவர் மட்டும் அறையில் இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும். பவானேஸ்வரி மகளின் கையைப் பிடித்து இழுத்தார். பரீட்சையே வேண்டாம், வந்துவிடு என்று கெஞ்சினார். திவ்யா கையை உதறிவிட்டு மேசை முன் உட்கார்ந்தாள்.

“போங்கம்மா. உசுரோட இருந்தப்பவும் நிறுத்தினாரு. இப்பவுமா?”

பவானேஸ்வரி முதலில் வெளியே வந்தார். தர்மேந்திரன் பின்னால் வந்தான். கதவைச் சாத்தத் திரும்புவதற்குள் அது அவன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

உள்தாழ்ப்பாள் விழுந்தது.

அறையின் மறுகோடியிலிருந்து, மேசைப் பக்கமிருந்து, திவ்யாவின் குரல் வந்தது.

“அண்ணா, ஏன் பூட்டுறீங்க?”