உள்ளே இருந்து பிடிக்கிறவள்

பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது. அவ்வளவுதான்.

ரிவெட் துப்பாக்கியின் விசையிலிருந்து புனிதா விரலை எடுத்த அதே நொடியில், விமானத்தின் வால் பகுதிக்குள்ளிருந்து ஒரு தட்டு கேட்டது. ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு என்றால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று என்றால் கெட்டுப்போச்சு, நிறுத்து. காதை மூடிக்கொண்டு, தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தியும் இந்தப் பக்கம் ஒருத்தியுமாக வேலை செய்கிறவர்களுக்கு வாய்ப்பேச்சு ஆகாது, தட்டித்தான் பேச வேண்டும். கமுந்திங் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் புனிதாவும் அவள் தங்கை கலாதேவியும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அக்கா வெளியே நின்று அடிப்பாள். தங்கை உள்ளே குந்திக்கொண்டு, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் வால்முனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பாள். பிடித்தால்தான் வால் நசுங்கித் தகடு இறுகும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு உச் கொட்டி, அப்புறம்தான் கலா தட்டுவாள். அவள் கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதற்குள் குழம்பே ஆறிவிடும், அப்படி ஒரு நிதானம்.

அப்பேர்ப்பட்டவள் இன்றைக்குப் பார்க்காமலே தட்டினாள். சத்தமும் மொத்தையாக இருந்தது, இரும்பு பட்ட மாதிரி இல்லை.

"கலா! கையால தட்டாத, கட்டையால தட்டு."

"கட்டையாலதான்கா தட்டுறேன்," என்றாள் உள்ளிருந்து. "நீ காதுல அந்தச் சனியன மாட்டிக்கிட்டா எதுதான் ஒழுங்கா கேக்கும்?"

குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையை ஒட்டினாற்போல் இருந்தது, இப்போது அவர்கள் வேலை செய்யும் ஜைனுலாப்தீனின் பட்டறை. பழைய போர் விமானம் என்றால் அவருக்குப் பைத்தியம். துருப்பிடித்த தகட்டைப் பார்க்கப் போகும்போதுகூட, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார். வெள்ளைக்காரன் காலத்துக் குண்டு போடும் விமானம் ஒன்றின் இந்த வால், செம்பனைக் கன்று நடுவதற்காக ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைத் தோண்டியபோது சேற்றில் கிடைத்தது. வாங்கிய மியூசியத்துக்கு ஒரே நிபந்தனை: எல்லாம் அந்தக் காலத்தில் இருந்தது போலவே இருக்க வேண்டும். பாப் ரிவெட் கூடாது. பாப் ரிவெட் என்றால் வெளியே ஒரே ஆள் நின்று போட்டுவிடலாம். பழைய ரிவெட்டுக்கு உள்ளே ஓர் ஆள் இருந்தே தீர வேண்டும்.

காலையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே ஜைனுலாப்தீன் ஒரு கதை சொல்லியிருந்தார். "ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போட ஆள் புடிக்க வந்தப்ப, தோட்டத்து ஆளுங்க கொஞ்சப் பேரு இந்த வாலுக்குள்ளதான் ஒளிஞ்சாங்களாம் லா. வீட்டு ஆளுங்களே வெளியேருந்து மூடி, மேல ரப்பர் கிளைய வெட்டிப் போட்டுட்டாங்க. அப்புறம் மூடுனவங்களையும் புடிச்சிட்டுப் போயிட்டானுங்க, தொறந்து விட ஆளே இல்ல." கலா பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. மலை மறைந்து, பட்டறைக்குள் சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது. தகரக் கூரையில் மழை கொட்டிய கொட்டில் காது மூடியையும் தாண்டி இரைச்சல் வந்தது, புதுப் பச்சைப் பெயிண்டின் நெடிக்கு அடியில் வேறொரு வாடை எழுந்தது, புகை போட்ட ரப்பர் ஷீட்டும் வேர்வையும் கலந்த வாடை, பத்திருபது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் லாரியின் பின்பக்கத்தில் வருமே அந்த வாடை. வாலை மியூசியத்துக்கு ஏற்றிப்போக ஐந்து மணிக்கு லாரி வந்துவிடும். புனிதா குனிந்து வேலையைப் பார்த்தாள். வரிசையாக ஏழு ரிவெட் அடித்தாள். ஏழுக்கும் பதில் உடனுக்குடன் வந்தது.

எட்டாவதை எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு ஈரக் கை தோளைத் தொட்டது.

கலா நின்றிருந்தாள். வெளியே இருக்கும் கழிப்பறையிலிருந்து ஓடி வந்ததில் தலை சொட்டியது. "தண்டாஸ் போயிட்டு வர்றதுக்குள்ள தொப்பலா நனைஞ்சிட்டேன். நான் இல்லாம எதுக்குக்கா அடிச்ச?"

புனிதா வாலைக் கை காட்டினாள். முன்பக்கத்தில் இருந்த சின்ன வட்டக் கதவு வழியாகக் கலா ஊர்ந்து உள்ளே போய்ப் பார்த்தாள். யாரும் பிடிக்காமல் அடித்தால் ரிவெட்டின் வால் நசுங்காது, தகடுதான் சொட்டையாகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஏழும் அழகா இருக்குக்கா," என்றது உள்ளிருந்து வந்த குரல். அதில் அழுகை இருந்தது.

வெளியே வந்ததும் அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இனிமே போக மாட்டேன். மிச்சம் அஞ்சுதான? பாப் ரிவெட் போட்டுரலாம். மேல பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?"

சரி என்று சொல்லியிருக்கலாம். புனிதாவுக்கும் உள்ளே எட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அம்மா போனதிலிருந்து இவளை வளர்த்தவள் அவள். இவளைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. அந்த உரிமையில்தான் அதட்டினாள்.

"சின்னப் புள்ளையா நீ? பதினாறு வருசம் வேல செஞ்சிட்டு பாப் ரிவெட்டாம். போ. நான் வெளிய நிக்கிறேன்ல."

"கதவத் தொறந்தே வைக்கா."

"வைக்கிறேன். போ."

கலா போனாள். முதல் ரிவெட். காத்திருப்பு. உச் கொட்டும் சத்தம் கேட்காவிட்டாலும் அது புனிதாவுக்குக் கேட்டது. பிறகு, கணீரென்று இரும்புத் தட்டு. என் தங்கச்சி! புனிதாவுக்கு மூச்சு வந்தது. இரண்டாவது. மூன்றாவது. எல்லாம் நிதானமாக, இரும்பால். இன்னும் இரண்டே ஓட்டை. அவற்றின் வழியே உள்ளேயிருந்த டார்ச் வெளிச்சம் நூல் மாதிரி வெளியே வந்தது.

நான்காவதை அடித்தாள். பதில் இல்லை.

காத்திருந்தாள். மழை.

மூன்று தட்டு. வேகமாக. திரும்ப மூன்று.

"என்னாச்சு கலா?"

"ஒண்ணுமில்லக்கா."

குரல் பக்கத்தில் கேட்டது. கலா அவளை ஒட்டி நின்றிருந்தாள். தலை காய்ந்து, வாரிவிட்டது போல் இருந்தது.

"நீ எப்ப வெளிய வந்த?"

"இப்பதான். உள்ள இருக்க முடியல."

உள்ளிருந்து மூன்று தட்டு.

"அது நான் இல்லக்கா," என்றாள் கலா. "கதவ மூடிரு."

கண்ணுக்கு முன்னால் நிற்கும் தங்கையை நம்பாமல் வேறு எதை நம்புவது? புனிதா ஓடினாள். வட்டக் கதவைத் தள்ளிச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். உடம்பு மொத்தத்தையும் கதவில் கொடுத்து நின்றாள்.

உள்ளே யாரோ கதவுக்கு ஊர்ந்து வந்தார்கள். அடி விழுந்தது. இரும்பு. கணீரென்று இரும்பு.

"அக்கா! ஏன்கா மூடுன?"

புனிதா திரும்பிக் கலாவைப் பார்த்தாள். கலாவின் இரண்டு கைகளும் வெறுமையாகத் தொங்கின.

"கட்டை எங்கடி?"

"உள்ள விட்டுட்டேன்," என்றாள் அவள். கண் இமைக்கவில்லை.

"அக்கா, தொறக்கா." கதவுக்கு அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவது போலவும், அவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போலவும். "இவங்க நகர்ந்து நகர்ந்து வர்றாங்கக்கா. எடம் இல்ல."

எடம் இல்ல. ஆறு வயதில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு சிணுங்குவாளே, அதே ராகம். ஐயோ, என்ன செய்துவிட்டேன்! மேல் தாழ்ப்பாளை இழுத்தாள். விரல்கள் வழுக்கின. இழுத்தாள். வந்தது. கீழ்த் தாழ்ப்பாள். சிக்கியது. உள்ளே இரும்பு ஒரு முறை தட்டியது. இன்னொரு முறை. மூன்றாவது வரவில்லை.

குதிகாலால் உதைத்தாள். தாழ்ப்பாள் விட்டது.

கதவைத் திறந்தாள்.

இரும்புக் கட்டை கிடந்தது. டார்ச் கிடந்தது, வெளிச்சம் அந்தக் கடைசி ஓட்டையைப் பார்த்தபடி. கலாவின் ஒரு செருப்பு. வேறு யாரும் இல்லை. கடைசிவரை பார்த்தாள். வால் நுனி ஒரு பூனைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகி முடிந்திருந்தது. உள்ளே சூடாக இருந்தது. நிறையப் பேர் இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

"கலா!"

வெளியே ஹாரன் அடித்தது. லாரி.

"யாரக்கா தேடுற?" என்று பின்னாலிருந்து கேட்டது தங்கையின் குரல், நல்ல நிதானமாக. "நான் இங்கதான இருக்கேன். வா, வீட்டுக்குப் போலாம்."

புனிதா திரும்பினாள்.

அடிக்காமல் விட்ட அந்த ஒரே ஓட்டைக்கு எதிரே கலா நின்றுகொண்டு கையை நீட்டியிருந்தாள். ஓட்டையிலிருந்து வந்த மெல்லிய வெளிச்சம் நேராக அவள் நெஞ்சுக்குப் போனது. வெளிச்சம் அங்கே நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த தகரச் சுவரில், வெள்ளையாக, ஒரு பொட்டு அளவுக்கு விழுந்திருந்தது.