லியேஜ் முத்திரை

கடலில் கிடந்த இரும்பில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதுவே ஜானகிராமனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

ஆலம்பரைக் கோட்டைக்கு எதிரே வலையில் சிக்கியதாம். கடப்பாக்கத்து மீனவன் காத்தவராயன் அந்தச் சட்டைப்பைத் துப்பாக்கியை ஈரத் துண்டில் சுற்றிச் செங்கல்பட்டுவரை தூக்கிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது வம்பு வரக்கூடாது, எந்தக் காலத்துச் சாமான் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்றான். துண்டைப் பிரிக்கும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

“நா இத்த பாக்கல சார். கடல்லருந்து வந்த இரும்ப எங்க வூட்ல யாரும் உத்துப் பாக்க மாட்டோம். நீயும் ரொம்ப நேரம் பாத்துகினு இருக்காத.”

பார்க்காமல் எப்படியடா வருஷம் சொல்வது, மடையா? மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார். பழம்பொருளுக்குக் காலம் கணிக்கும் முப்பது வருடப் பிழைப்பே உற்றுப் பார்ப்பதுதான். இடது கண் இரண்டு வருடத்துக்கு முன்பே போய்விட்டது. மிச்சம் வலது கண் ஒன்றுதான். அதற்கும் லென்ஸ் வேலை ஆகாது என்றார் கண் டாக்டர். நேற்றுப் பிறந்த பொடியன், அவனுக்கு என்ன தெரியும்.

ஜன்னல் வழியே காலை வெயில் மேசையில் கொட்டிக் கிடந்தது. துப்பாக்கியிலிருந்து கருவாட்டுக் கூடையைத் திறந்ததுபோல ஒரு வாடை மெல்ல எழுந்து அறை முழுக்கப் பரவ, அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டே குழலின் அடிப்பக்கத்தில் லென்ஸை வைத்தார். முட்டை வடிவ வளையம். உள்ளே ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்து, கீழே நட்சத்திரம். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை. மேலே கிரீடம் இல்லை. ஆகவே ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கு முந்தியது. சின்னப் பிள்ளை வேலை.

எழுதிக்கொள்ள நிமிர்ந்தார். எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி தெரியவில்லை.

மட்டமான அச்சு என்று காலண்டரைத் திட்டிவிட்டு மறுபடி குனிந்தார். இப்போது முத்திரை இன்னும் துலக்கமாக இருந்தது. பக்கத்திலேயே பரிசோதகரின் எழுத்து ஒன்று, அதன்மேல் மயிரிழைக் கிரீடம்; அப்படியானால் எழுபத்தேழுக்கும் முந்தியது. எந்த லென்ஸிலும் அவர் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை. பெருமையாகக்கூட இருந்தது. நிமிர்ந்தபோது காலண்டரே இல்லை. சாம்பல் நிறத்தில் சுவர் மட்டும் நின்றது.

மனைவி பானுமதியின் காலடி கேட்டது. டம்ளர் வைக்கும் சத்தமும் கேட்டது. ஆள் தெரியவில்லை.

காபி எங்கே என்று அதட்டினார்.

“உங்க கண்ணு முன்னாலதாங்க கீது.”

இந்த ஒற்றைக் கண்ணும் போனால் குருடன். ஒரு மீன்காரனின் பேச்சுக்குப் பயந்து பாதியில் வைத்துவிடுவதா? தூ. லென்ஸைக் கீழே போட்டார். லென்ஸ் இல்லாமலே முத்திரை தெரிந்தது. அது மட்டும்தான் தெரிந்தது.

இவ்வகைத் துப்பாக்கியில் குழலைத் திருகிக் கழற்றலாம். உள்ளேயும் எண் இருக்கும். கழற்றினார். திருகு மறை ஓசையின்றிச் சுழன்றது. உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீர் விரலில் வழிந்தது.

ஜன்னல் போயிற்று. மேசை போயிற்று. கை போயிற்று.

குழலின் துளையில் மட்டும் வெளிச்சம்.

வலது கண்ணில் வைத்துப் பார்த்தார்.

மறுமுனையில் ஒரு கண். வெள்ளை விழியில் கடுகளவு மச்சம். சவரக் கண்ணாடியில் தினமும் பார்த்த மச்சம். அவருடைய வலது கண்.

குழலை எடுத்தார். இருட்டு.

பானுமதி ஏதோ கத்தினாள். அவர் முகத்தைத் தடவினார். புருவம். இமை. அதற்குள் விரல் போனது.

ஈர மணல்.

இன்னொரு கையில், குழலுக்குள், ஏதோ இமைத்தது.