பக்கத்துக் கலத்துக்கு ஒரு செய்தி

எனக்கு அம்மாள் வருத்தம், அதுதான் கொப்பளிப்பான், வந்து அன்றோடு ஐந்து நாள். முதுகில், காதுக்குள், தலைமயிருக்குள்கூடக் கொப்பளம். சொறியவும் கூடாதாம். உங்களுக்கும் வந்திருந்தால் தெரியும், அது எவ்வளவு அநியாயம் என்று.

அதைவிடப் பெரிய அநியாயம் தனிமை. வெள்ளவத்தையில் எங்கள் வீடு நாலாம் மாடியில் இருக்கிறது. யன்னலால் பார்த்தால் ஒரு துண்டுக் கடலும் ரெயில் பாதையும் தெரியும். ரெயில் போகும், வரும். அதில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என் இடத்தில் இப்போது வேறு யாராவது இருப்பார்கள். நினைக்க நினைக்க அழுகைதான் வந்தது.

அண்ணா மிதுஷன் வீட்டில்தான் இருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலேயே இந்த வருத்தம் வந்து போய்விட்டதால் பயமில்லை. ஆனால், அவனுக்கு உயர்தரப் பரீட்சை. என் அறை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, உயிரியல் நோட்ஸைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தான்.

“வைரசு தொற்றிய கலம் இன்ரபெரோன் என்னும் புரதத்தைச் சுரக்கும். அது அயற்கலங்களை...”

“அண்ணா, கலமெண்டா என்ன?”

“எங்கட உடம்பைக் கட்டியிருக்கிற சின்னச் சின்ன அறையள். பேசாமப் படு.”

“அந்த இன்ரபெரோன் என்ன செய்யும்?”

அண்ணா பெருமூச்சு விட்டான். “ஒரு கலத்துக்குள்ள வைரசு பூந்திட்டுது எண்டு வை. அது உடன பக்கத்துக் கலங்களுக்குச் செய்தி அனுப்பும். ‘நான் மாட்டிட்டன், நீங்கள் கவனம்’ எண்டு. அந்தச் செய்திதான் அந்தப் புரதம். அது கிடைச்சதும் பக்கத்துக் கலங்கள் வேற புரதங்களைச் செய்து ஆயத்தமா இருக்கும். பிறகு வைரசு உள்ள வந்தாலும் லேசில பெருகேலாது.”

“செய்தி அனுப்பின கலம் தப்புமோ?”

“அநேகமாத் தப்பாது.”

“பாவம்.”

“அதுக்கு நீ அழாத. எனக்கு ரியூஷனுக்கு நேரமாச்சு. அம்மா அஞ்சு மணிக்கு வந்திடுவா.”

அவன் பம்பலப்பிட்டிக்குப் போய்விட்டான். வீட்டில் கடிகாரமும் நானும் மட்டும்தான்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். யாரோ கதவைத் தட்டினார்கள்.

“ரூபிகா, உள்ளுக்கு ஈக்கியா புள்ள?”

பைறோஸா ராத்தா! பக்கத்து வீடு. அவருடைய தங்கச்சிமார் அவரை ‘ராத்தா’ என்று கூப்பிடுவார்கள், அதனால் நானும் அப்படித்தான். பின்னேரங்களில் நாங்கள் இருவரும் லூடோ விளையாடுவோம். ராத்தா நன்றாக அளாப்புவார், கள்ள ஆட்டம் ஆடித்தான் வெல்வார். இரண்டு கிழமையாக உம்மா வீட்டுக்குப் போயிருந்தவர், மாத முடிவில்தான் வருவார் என்று அம்மா சொல்லியிருந்தார்.

நான் கட்டிலிலிருந்து பாய்ந்து ஓடினேன். பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது.

ராத்தாவின் வயிற்றில் பிள்ளை. டொக்டர் அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம்: “வயித்தில பிள்ளை இருக்கிற ஆக்கள் இவவுக்குக் கிட்ட வரவே கூடாது.”

“ராத்தா, கதவில வேப்பிலை தொங்கேல்லையோ?” என்று உள்ளே இருந்தே கேட்டேன்.

“ஒண்டுமில்லையே. படி கூட்டுறவர் குப்பையெண்டு எடுத்திருப்பார். ஏன் புள்ள?”

வேப்பிலையைக் கட்டும்போதே அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “இதைப் பாத்தாச் சனத்துக்கு விளங்கும். நீ வாயால ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. அம்மாள் கோவிப்பா.”

“நீ படுத்திருந்தாப் பரவாயில்ல. சாவி எங்கிட்டயும் ஈக்கிதானே. நான் தொறக்கிறன்.”

சாவி உள்ளே நுழைகிற சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய் எட்டி உள்தாழ்ப்பாளைப் போட்டேன். கதவு அசைந்து நின்றது.

“ஏன் புள்ள பூட்டுறா? எங்கூடக் கோவமா?”

குரல் உடைந்திருந்தது. ஐந்து நாளாக யாராவது வரமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவள் நான். வந்தவரை நானே வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறதே! பேசாமல் இருந்தால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார், ஆனால் நாளைக்கு மறுபடியும் வருவார்.

மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் கலமே செய்தி அனுப்புகிறது. எனக்கு வாய் இருக்கிறதே. அம்மாள் கோவித்தால் கோவிக்கட்டும்.

“எனக்குக் கோவமில்லை ராத்தா. எனக்குக் கொப்பளிப்பான் வந்திருக்கு. உங்கட பிள்ளைக்குக் கூடாது. தயவுசெய்து போங்கோ.”

பூட்டிலிருந்து சாவியை இழுத்தெடுக்கிற சத்தம் கேட்டது.

“எனக்குச் சின்னதுல அது வரவே இல்ல புள்ள,” என்றார் ராத்தா மெதுவாக. பிறகு செருப்புச் சத்தம் விறுவிறுவென்று தூரப் போனது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்பட்டது.

நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். சரியானதைச் செய்தால் சந்தோஷம் வரும் என்று யார் சொன்னது?

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“ரூபிகா, நான் டொக்டருக்குக் கோல் எடுத்தன். வெளிய நிண்டது பெரிசா ஒண்டுமில்லையாம், எண்டாலும் நாளைக்கு ரத்தம் பாக்கட்டாம். உள்ளுக்கு வந்து உன்னோட இருந்திருந்தாத்தான் பயமாம். உங்கம்மாவுக்கும் சொல்லிட்டன்.”

“அம்மா ஏசினாவோ?”

“இல்ல. அவக்கு அழுகதான் வந்திச்சு. உன்ன ஏசமாட்டா.”

“அப்ப... வைக்கப்போறீங்களோ ராத்தா?”

“ஏன் வைக்கணும்? உங்கம்மா வர மட்டும் கதைப்பம். நான் சோபாவுல சாஞ்சிட்டன். நீயும் படு.”

நான் கட்டிலில் படுத்து, தொலைபேசியைக் கொப்பளமில்லாத காதில் வைத்துக்கொண்டேன். ராத்தா தன் தங்கச்சிமாரின் சண்டைகளைச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்து ஐந்து நாளாகியிருந்தது.

திடீரென்று ராத்தா, “இரு, இரு. புள்ள உதைக்குது. போனை வயித்துல வைக்கிறன், கேட்டுப் பாரு,” என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

“ஓம் ராத்தா, நல்லாக் கேக்குது,” என்றேன்.